பூட்டு உடையாத திருட்டு

கள்ளக்குறிச்சியில மாமாவுக்குக் கடை. கல்வராயன் மலைப் புளி, கடுக்காய் வாங்கி விப்பார். ஒரு ராத்திரி சரக்கு திருடு போச்சு. பூட்டு உடையலன்னு கிளெய்மைத் தள்ளிட்டாங்க. "ஏன் மாப்ள, பூட்டை உடைச்சாத்தான் திருட்டா?"ன்னார். (நான் படிச்சது இன்ஜினியரிங். அவருக்கு எல்லாப் படிப்பும் ஒண்ணுதான் :-))

தேடிப் பார்த்தேன். வார்த்தை குழப்பமா இருந்தா எழுதின கம்பெனிக்கு எதிராப் படிக்கணும், ஆனா கோர்ட்டே புது ஒப்பந்தம் எழுதக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 1966லயே சொல்லிருச்சு (சந்துமல் ஜெயின் வழக்கு). அதை வச்சுத்தான் 2004ல ஹர்சந்த் ராய் வழக்கு. பாலிசியில 'பலவந்தமா நுழைஞ்சு'ன்னு இருந்தா, பலவந்தம் நடந்திருக்கணும்; திருட்டுக்குச் சட்டப் புத்தகம் சொல்ற அர்த்தம் எடுபடாது. வியாபாரி தோத்தார். வேடிக்கை என்னன்னா, இந்த விளக்கம் சாமானியனுக்குப் புரியாது, திருத்துங்கன்னு ஜெயிச்ச கம்பெனிக்கும் அதே தீர்ப்புல ஒரு குட்டு!

2022ல டெக்ஸ்கோ வழக்கு. தரைக்குக் கீழ இருக்கிற கடைன்னு தெரிஞ்சே பாலிசி வித்துட்டு, தீப்பிடிச்சதும் 'பேஸ்மென்ட் சேராது'ன்னாங்க. செல்லாதுன்னு எழுதினவர் நம்ம ஈரோட்டுக்காரர், நீதிபதி சுந்தரேஷ். ஆனா அங்க அந்த ஒரு வரி பாலிசியையே வெத்துக் காகிதமாக்கிருச்சு. மாமா கதை வேற.

பாலிசியைக் கேட்டேன். பீரோவுல இருந்து எடுத்து நீட்டினார். பொடி எழுத்துல அதே 'பலவந்தமா'.