கவிழ்ந்த பாத்திரம்

பர்மாவில் ஆலைத் தொழிலாளி வேலைநிறுத்தம் செய்தாலும் சரி, கல்லூரி மாணவன் வகுப்புக்குப் போகமாட்டேன் என்றாலும் சரி, இரண்டுக்கும் ஒரே சொல்தான்: தபெய்-மௌக். தபெய் என்பது பிக்குவின் பிச்சைப் பாத்திரம். மௌக் என்றால் கவிழ்ப்பது. 1920 டிசம்பரில் வெள்ளைக்கார அரசின் புதிய பல்கலைக்கழகச் சட்டத்தை எதிர்த்து ரங்கூன் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறியபோது, அதையும் ஊர் அந்தச் சொல்லால்தான் அழைத்தது. அந்த நிகழ்ச்சியின் நினைவாகத்தான் இன்றும் அங்கே தேசிய நாள் கொண்டாடுகிறார்கள்.

பௌத்தப் பாத்திரம் என்றதும் நமக்கு மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபி ஞாபகம் வரும். ஆதிரை இட்ட முதல் பிச்சையில் நிறைந்து, அள்ள அள்ளக் குறையாமல் ஊர்ப் பசியைத் தீர்த்த பாத்திரம். இந்த வாரம் நாம் பார்க்கப்போவது வேறொரு பாத்திரம். சோறு வாங்க மறுக்கும் பாத்திரம்.

சென்ற வாரம் புத்தர் கோசாம்பியை விட்டுத் தனியே கிளம்பிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். விட்டுப்போனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். யமுனைக் கரையில், இன்றைய பிரயாக்ராஜுக்குப் (பழைய அலகாபாத்) பக்கத்தில் இருந்த நகரம் கோசாம்பி. அங்கே கோஷிதாராமம் என்ற மடம். சண்டைக்குக் காரணம், உரையாசிரியர்கள் சொல்கிறபடி, கழிப்பறைச் செம்பில் ஒருவர் மிச்சம் வைத்துவிட்டு வந்த தண்ணீர்! வைத்தவர் தர்மத்தைப் போதிக்கும் ஆசிரியர். கண்டுபிடித்தவர் விநய விதிகளைக் கற்பிக்கும் ஆசிரியர். 'இது குற்றம், தெரியுமா?' என்றார் இவர். 'தெரியாது, குற்றமென்றால் ஒப்புக்கொள்கிறேன்' என்றார் அவர். 'வேண்டுமென்று செய்யவில்லையே, அப்படியானால் குற்றமில்லை' என்று இவரும் விட்டுவிட்டார். அங்கேயே முடிந்திருக்கவேண்டியது. ஆனால் இவர் தன் சீடர்களிடம் போய், 'அவருக்குக் குற்றம் எதுவென்றே தெரியவில்லை' என்று சொல்லிவைத்தார். சீடர்கள் அந்தச் சீடர்களிடம் சொன்னார்கள். மடம் இரண்டானது. புத்தரே வந்து சமாதானம் பேசியும், 'நீங்கள் நிம்மதியாக இருங்கள், இதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அவரை ஓரங்கட்டிவிட்டார்கள். அவர் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பாரிலேய்யகக் காட்டுக்குப் போய்விட்டார்.

இனி இந்த வாரக் கதை. சண்டையை முடித்தது புத்தருமில்லை, மூத்த பிக்குகளுமில்லை. ஊர்க்காரர்கள்தான். இவர்களால்தானே பகவான் ஊரை விட்டுப் போனார் என்று கோசாம்பி இல்லறத்தார் கூடிப் பேசினார்கள். இனி இவர்களைக் கண்டால் எழுந்திருப்பதில்லை, கும்பிடுவதில்லை, சோறு போடுவதில்லை. ஊரை விட்டுப் போகட்டும், அல்லது ஆடையைக் களைந்துவிட்டு வீட்டுக்குப் போகட்டும், அல்லது புத்தரைச் சமாதானப்படுத்தட்டும். மூன்றில் எது நடந்தாலும் சரி. பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள். கோசாம்பியில் முதலில் பறந்தது வீறாப்பு. பிக்குகள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு, புத்தர் காட்டிலிருந்து போய்த் தங்கியிருந்த சிராவஸ்திக்கு நடந்தார்கள்.

ஊர்க்காரர்கள் செய்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அடுத்ததை விட்டுவிடுகிறார்கள். கலகக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் சிராவஸ்தியில் ஆளாளுக்கு வந்து புத்தரிடம் கேட்கிறார்கள்: அவர்களை எப்படி நடத்துவது? இல்லறத்தாரில் அனாதபிண்டிகர் கேட்கிறார், விசாகை கேட்கிறாள். இரு தரப்புக்கும் தானம் கொடுங்கள், இரு தரப்பு சொல்வதையும் கேளுங்கள், தர்மத்தைப் பேசுகிறவர் பக்கம் நில்லுங்கள் என்பது பதில். மூத்த சீடர் சாரிபுத்தர் கேட்டபோது, தங்க இடத்தைத் தனியாகக் கொடுங்கள், சோற்றை மட்டும் எல்லோருக்கும் சமமாகப் பங்கிடுங்கள் என்றார். விநய பிடகத்தின் மகாவக்கம், பத்தாவது அத்தியாயம். யார் பக்கம் நிற்பது என்பது ஒரு கேள்வி, யாருக்குச் சோறு போடுவது என்பது வேறு கேள்வி என்று புத்தர் பிரித்துவிட்டார். இந்தப் பிரிவினை எனக்கு முக்கியமாகப் படுகிறது. இதை வைத்துத்தான் பின்னால் நடந்தவற்றை அளக்கப் போகிறேன்.

கோசாம்பியில் இல்லறத்தார் பிக்குகளுக்குச் செய்ததை, பிக்குகள் இல்லறத்தாருக்குச் செய்ய விநயத்திலேயே ஒரு சடங்கு உண்டு. பாலியில் 'பத்தநிக்குஜ்ஜன', பாத்திரத்தைக் கவிழ்த்தல். அது வந்த கதை அதே பிடகத்தின் சுள்ளவக்கத்தில் இருக்கிறது. வைசாலியில் தப்ப மல்லபுத்திரர் என்று ஒரு பிக்கு. வருகிறவர்களுக்கு அறை ஒதுக்குவது, யார் எந்த வீட்டுச் சாப்பாட்டுக்குப் போவது என்று சொல்வது அவர் வேலை. (அறை ஒதுக்கும் வேலை பார்த்தவருக்கு எதிரி இல்லாமல் இருந்ததுண்டா?) மோசமான அறையும் புளித்த கஞ்சியுமே தங்களுக்கு வருகிறது என்று கறுவிக்கொண்டிருந்த இருவர், வட்டன் என்ற லிச்சவி குலத்தானைத் தூண்டிவிட்டார்கள். தப்பர் என் மனைவியைக் கெடுத்துவிட்டார் என்று வட்டன் வந்து முறையிட்டான். பொய். சங்கம் கூடி அவன் விஷயத்தில் பாத்திரத்தைக் கவிழ்த்தது. இனி அவன் கையால் எந்தப் பிக்குவும் எதையும் வாங்கமாட்டார்.

இதில் அடியில்லை, உதையில்லை, சாபமும் இல்லை. சபையில் ஒருவர் தீர்மானத்தை வாசிப்பார், எதிர்ப்பவர் பேசலாம், எல்லோரும் பேசாமலிருந்தால் ஒப்புதல். அவ்வளவுதான். அதிலென்ன தண்டனை என்று கேட்கலாம். பௌத்த நாட்டில் பிச்சை போடுகிறவர்தான் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். வாங்குகிற பிக்கு நன்றி சொல்வதில்லை. போடுகிறவருக்குப் புண்ணியம் சேர்த்துக்கொள்ள வாய்ப்புக் கொடுத்ததே பிக்கு செய்யும் உபகாரம். அந்த வாய்ப்பைப் பறிப்பதுதான் தண்டனை. ஆனந்தர் போய் இந்தச் செய்தியைச் சொன்னதும் வட்டன் அங்கேயே மயங்கி விழுந்தான். பிறகு உற்றார் உறவினரோடு ஈரத் துணியும் ஈரத் தலையுமாக வந்து புத்தர் காலில் விழுந்து, பொய் சொன்னேன் என்றான். சங்கம் மறுபடி கூடிப் பாத்திரத்தை நிமிர்த்தியது. நிமிர்த்துவதற்கும் தனியே ஒரு தீர்மானம், தனியே ஒரு வாசிப்பு. கவிழ்க்கும் சட்டத்தை எழுதியவர்கள் நிமிர்த்தும் சட்டத்தையும் அதே இடத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். எதிராளி திரும்பி வர வழி வைத்துவிட்டுச் செய்கிற எதிர்ப்பு இது. கருணை என்பது இங்கே எதிர்ப்பைக் குறைத்துக்கொள்வதில் இல்லை, அந்த வழியை அடைக்காமல் வைப்பதில் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

பர்மாவை ஆண்ட ராணுவத் தளபதிகளுக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். அரசுத் தொலைக்காட்சியில் அநேகமாகத் தினமும் ஏதாவது ஒரு தளபதி பிக்குகள் முன் மண்டியிட்டுத் தானம் கொடுத்துக்கொண்டிருப்பார். 1999-இல் ஷ்வேடகோன் பகோடாவின் உச்சிக் குடையைப் புதுப்பித்ததும் ராணுவ அரசுதான். துப்பாக்கியால் வந்த அதிகாரத்துக்குப் புண்ணியத்தால் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த முட்டுக்கோலை உருவத் தெரிந்தவர்கள் பிக்குகள் மட்டுமே. ஜனநாயகம் கேட்டு எழுந்த 1988 எழுச்சியின் இரண்டாம் ஆண்டு நினைவு நாளில், 1990 ஆகஸ்ட் 8 அன்று, மண்டலேயில் பிச்சைக்குப் புறப்பட்டுத் திரண்ட பிக்குகள் மீது படையினர் சுட்டார்கள். அந்த மாதக் கடைசியில் மண்டலே பிக்குகள் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். ராணுவக் குடும்பத்தில் சாவு விழுந்தால் ஓதுவதற்கு ஆள் இல்லை. அக்டோபரில் அரசு நூற்றுக்கும் மேற்பட்ட மடங்களுக்குள் புகுந்து, பலரைப் பிடித்துக்கொண்டு போய் அதை உடைத்தது.

2007 ஆகஸ்ட் 15. முன்னறிவிப்பு இல்லாமல் டீசல் விலை இரண்டு மடங்கானது, வண்டிகளுக்கான எரிவாயு ஐந்து மடங்கானது. பஸ் கட்டணம் ஏறி, தொழிலாளிகள் வேலைக்கு நடந்து போனார்கள். ஊர் வறுமை முதலில் தெரிவது பிக்குவுக்குத்தான். அரசாங்கப் புள்ளிவிவரம் அவருக்கு வேண்டியதில்லை, பாத்திரத்தின் கனம் போதும். செப்டம்பர் 5 அன்று ஐராவதிக் கரையில் பாலி படிப்புக்குப் பெயர்போன பகோக்குவில் பிக்குகள் ஊர்வலம் போனார்கள். படையினர் அடித்துக் கலைத்தார்கள். மறுநாள் சமாதானம் பேச வந்த அதிகாரிகளைப் பிக்குகள் மடத்துக்குள்ளேயே பல மணி நேரம் பிடித்துவைத்தார்கள். வாசலில் நின்ற கார்கள் எரிந்தன. இந்தக் கார்களை இந்தக் கதையிலிருந்து ஒளித்துவைக்க எனக்கு விருப்பமில்லை. அவமானப்பட்ட கோபம் அது, விநயத்தில் அதற்கு இடமில்லை.

அதற்கு அடுத்து அவர்கள் செய்ததுதான் வேறு மாதிரி. செப்டம்பர் 17 வரை தவணை கொடுத்தார்கள். மன்னிப்புக் கேளுங்கள், விலையைக் குறையுங்கள், வீட்டுக் காவலில் இருக்கும் ஆங் சான் சூ கி உள்ளிட்ட கைதிகளை விடுங்கள், பேச்சுவார்த்தைக்கு வாருங்கள். தவணை கழிந்தது. 18-ஆம் தேதி பாத்திரம் கவிழ்ந்தது. யாங்கூன் (பழைய ரங்கூன்) தெருக்களில் முழங்கால் அளவு மழைத் தண்ணீரில் செருப்பில்லாமல் பிக்குகள் நடந்தார்கள். முன்னால் போனவர்கள் கறுத்த பாத்திரங்களைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள். முதல் நாட்களில் முழக்கம் கிடையாது. வாயில் 'மெத்த சுத்தம்' மட்டும்: எல்லா உயிர்க்கும் நலம் கோரும் பாட்டு. அந்த 'எல்லா'வில் துப்பாக்கியோடு நின்ற சிப்பாயும் அடக்கம். பொதுஜனங்கள் ஊர்வலத்துக்குள் வரவேண்டாம் என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். ஜனங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து வேலிபோல் கூடவே நடந்தார்கள். 22-ஆம் தேதி ஒரு கூட்டம் சூ கியின் வீட்டு வாசல் வரை போனது. அவர் கதவருகே வந்து, கண்ணீரோடு கைகூப்பி நின்றார்.

வெளிநாட்டுப் பத்திரிகைகள் இதற்குக் 'காவிப் புரட்சி' என்று பெயர் வைத்தன. பர்மிய பிக்குகள் உடுத்துவது பெரும்பாலும் கருஞ்சிவப்பு. போகட்டும்.

26-ஆம் தேதி ஷ்வேடகோன் வாசலில் தடியடி, கண்ணீர்ப்புகை. இரவில் மடங்களுக்குள் புகுந்தார்கள். மறுநாள் சுலே பகோடா அருகே ஜப்பானியச் செய்தியாளர் கென்ஜி நகாய் சுட்டுக் கொல்லப்பட்டார். குறைந்தது 31 பேர் இறந்ததாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பின்ஹெய்ரோ பதிவு செய்தார். தலைவர்களில் ஒருவரான உ காம்பீராவுக்கு 68 ஆண்டு சிறை விதித்தார்கள். தோற்ற போராட்டம் என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். தளபதிகள் தானம் கொடுக்கும் படத்தை அதற்குப் பிறகு பழைய கண்ணோடு பார்க்க யாராலும் முடியவில்லை.

ஐந்தே வருடம். 2012 செப்டம்பரில் அதே மண்டலேயில், அதே ஆடையில் பிக்குகள் ஊர்வலம் போனார்கள். ரோஹிங்கியா முஸ்லிம்களை வேறு நாட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று சொன்ன ஜனாதிபதி தெய்ன் செய்னுக்கு ஆதரவாக! முன்னால் நின்றவர் அஷின் விராது என்ற பிக்கு. முஸ்லிம் கடையில் வாங்காதே என்று அவர் சார்ந்த 969 என்ற இயக்கம் பிரசாரம் செய்தது. இதுவும் புறக்கணிப்புதானே, பாத்திரம் கவிழ்ப்பதுபோல, என்று வாதாடியவர்கள் இருந்தார்கள். சுள்ளவக்கத்தைத் திறந்து பார்த்தால் போதும். ஒருவர் விஷயத்தில் பாத்திரத்தைக் கவிழ்க்க எட்டுக் காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: பிக்குகளுக்கு நஷ்டம் வரப் பாடுபடுவது, கேடு சூழ்வது, தங்க இடமில்லாமல் செய்வது, வைவது, அவர்களுக்குள் பிளவு மூட்டுவது, புத்தரை, தர்மத்தை, சங்கத்தை இழித்துப் பேசுவது. எட்டும் ஒருவர் செய்த செயலைப் பற்றியவை. பிறந்த சாதியும் மதமும் அந்த எட்டில் கிடையாது. செய்யாத குற்றத்துக்கு யாரும் வந்து மன்னிப்புக் கேட்க முடியாது, ஆகவே அந்தப் பாத்திரத்தை நிமிர்த்தவும் முடியாது. விராது ஓராண்டு போதனை செய்யக்கூடாது என்று பர்மாவின் தலைமைச் சங்க சபை தடை போட 2017 மார்ச் ஆகிவிட்டது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2013 மார்ச்சில், மெய்க்திலா நகரத்தில் ஒரு நகைக்கடைத் தகராறு கலவரமாகி முஸ்லிம் தெருக்கள் எரிந்தன. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்த ஊர் யதனா ஊ மடத்தின் தலைமைப் பிக்கு மடத்துக் கதவைத் திறந்து, ஓடிவந்த நூற்றுக்கணக்கான முஸ்லிம்களை உள்ளே வைத்துக்கொண்டார். அவர்களை வெளியே அனுப்பு என்று கும்பல் வந்து கேட்டது. என்னைத் தாண்டித்தான் போகவேண்டும் என்று அவர் வாசலில் நின்றார். கும்பல் திரும்பிப் போனது.

அடுத்த வாரம் 1963-இன் சைகான்.