வலகடியன்

‘என்ஹைட்ரினா வலகடியன்’: 1896-இல் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் வெளியிட்ட பாம்புப் பட்டியலில் விலங்கியலாளர் பவுலஞ்சர் ஒரு கடற்பாம்புக்கு எழுதிய பெயர். முன்பாதி கிரேக்கம், பின்பாதி நம் கரையோரத் தமிழ்.

அந்தத் தமிழைக் காகிதத்தில் ஏற்றியவர் பேட்ரிக் ரஸ்ஸல், கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சோழமண்டலக் கரையில் பாம்புகளை ஆராய்ந்த ஸ்காட்லாந்து மருத்துவர். கண்ணாடி விரியனுக்கு ஆங்கிலத்தில் இவர் பெயர்தான். பாம்புகளை உள்ளூர்ப் பெயராலேயே குறிப்பது இவர் வழக்கம். 1801 முதல் 1809 வரை பகுதி பகுதியாக வந்த இவருடைய நூலின் இரண்டாம் தொகுதியில் இந்தப் பெயர் இருக்கிறது. 1827-இல் போய் என்ற ஜெர்மானியர் அதையே அறிவியல் பெயராக்கினார்.

வலை + கடியன் என்று பிரித்தால் சொல் நேராக நிற்கிறது. இலை ‘எல’ ஆகும், தலை ‘தல’ ஆகும் பேச்சில் வலையும் ‘வல’தான். ரஸ்ஸலின் எழுத்துக்கூட்டலில் ஐகாரம் இல்லை. ஏட்டிலிருந்து எடுத்த சொல்லாக இருந்தால் அது விடுபட்டிருக்காது. யாரோ ஒரு கடலோடி சொல்லக் கேட்டு எழுதிய சொல்லாகவே இது தோன்றுகிறது.

நிறத்தையோ வரியையோ பாராமல் வலையை வைத்து ஏன் பெயர்? பாம்பின் வாழ்க்கை அப்படி. கலங்கிய ஆழமில்லாக் கடலும் எண்ணூர் போன்ற கழிமுகங்களும் இதற்குப் பிடித்த இடம். இரை கெளுத்தியும் பேத்தையும். முள் விறைத்த கெளுத்தியை முழுதாக விழுங்க வாய் அகலத் திறக்க வேண்டும். அதற்கென்றே கீழ்த்தாடை நுனியில் ஒடுங்கிய செதில் ஒன்று பள்ளத்தில் புதைந்திருக்கிறது, சுற்றியுள்ள தோல் விரிந்து கொடுக்கிறது. வால் துடுப்பாகத் தட்டை. கரையேறாமல் கடலிலேயே குட்டி போடும். மீன் திரளும் இடத்தில்தான் வலையும் விழும். கெளுத்தியோடு பாம்பும் வலையின் மடியில் ஏறும். மூச்சுக்கு மேலே வர முடியாமல் சிக்கிய பாம்பு எதையும் கடிக்கும், மீன் பிரிக்கும் கையையும்.

அறிவியலில் இந்தப் பெயர் நிலைக்கவில்லை. 1803-லேயே டோடன் என்ற பிரெஞ்சுக்காரர் ‘ஷிஸ்டோசஸ்’ என்று பெயரிட்டிருந்தார். முந்தியதே செல்லும் என்பது விதி. இன்று அது ‘ஹைட்ரோஃபிஸ் ஷிஸ்டோசஸ்’. வலகடியன் பழம்பெயர்ப் பட்டியலில் கிடக்கிறது. ஆனால் 1905-இல் ஃபிரேசர் என்ற ஆய்வாளரும், சென்னையில் பணியாற்றிய கண் மருத்துவர் எலியட்டும் இதன் நஞ்சை ஆராய்ந்து எழுதியபோது தலைப்பிலேயே நம் சொல் இருந்தது.

நஞ்சைப் பற்றிய அறிவு கரைக்குத் திரும்ப வேண்டும். கடித்த இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது. பிறகுதான் உடம்பெல்லாம் தசை வலி, சிறுநீர் கறுக்கும், சிறுநீரகம் செயலிழக்கும். இந்தியாவில் வழங்கும் நஞ்சுமுறி மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்குத்தான். கடற்பாம்புக்கு அது கேட்காது. உடனே ஆஸ்பத்திரி சேர்ந்து சிறுநீரகத்தைக் காக்க வேண்டும். ஆகவே கடித்தது எது என்று சொல்லத் தெரிவதில் உயிர் இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒவ்வொரு மருத்துவமனைச் சுவரிலும் அந்த நான்கு பாம்புகளின் படங்களுக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக இதன் படமும் வேண்டும். அதன் கீழே ‘வலகடியன்’ என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும்.