ஏட்டில் ஏறாதது

சுங்கச்சாவடி நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதியபோதுதான் கவனித்தேன்: அவர்கள் ஏட்டில் சாலையே சொத்தாக இல்லை. சாலை அரசுடையது. சில ஆண்டுகள் கட்டணம் வசூலிக்கும் உரிமை மட்டும் ‘புலனாகாச் சொத்து’. சர்வதேசக் கணக்கியலில் 2006இல் வந்த ஐஎஃப்ஆர்ஐசி 12 சொல்வதும் இதைத்தான்.

உடனே சூயஸ் ஞாபகம் வந்தது. 1854இல் எகிப்தின் சயீத் பாஷா லெசெப்ஸுக்குக் கொடுத்ததும் இந்த மாதிரி உரிமைதான்: கால்வாய் திறந்ததிலிருந்து 99 வருஷம். 1869இல் திறந்தார்கள், 1968இல் திருப்பித் தரணும். 1956இல் நாசர் நாட்டுடைமையாக்கியபோது மிச்சம் 12 வருஷம்தான்.

கரைந்து தீரப்போகிற அந்தச் சொத்துக்காகவா பிரிட்டனும் பிரான்சும் படை அனுப்பின? எண்ணெய்க் கப்பல்கள் போகும் வழியின் மீதான பிடி, எந்த ஏட்டிலும் ஏறாத சொத்து. கட்டாய வேலையில் கால்வாய் தோண்டிச் செத்த எகிப்திய விவசாயிகளும் அப்படித்தான், ஏறவே இல்லை.