திண்டிவனத்துல ராத்திரி ஆயிடுச்சுன்னா...

சென்னையிலேர்ந்து தெற்கே ராத்திரி பஸ்ல போறவங்க எல்லாருக்கும் திண்டிவனம் - விழுப்புரம் ரோடு அத்துப்படி. நடுராத்திரி விக்கிரவாண்டி பக்கம் ஏதோ ஒரு மோட்டல்ல வண்டி நிக்கும். "பத்து நிமிஷம்! சாப்பிடறவங்க சாப்பிடலாம்"னு பஸ் தகரத்துல தட்டி எழுப்புவாங்க. உள்ளே போனா ஆறிப்போன பரோட்டாவும் கொதிக்கிற விலையும். அந்த சோகத்தை எழுதாத ஆளே இல்லைங்கறதால நான் அதைத் தொடல :-)

எனக்கு வேற ஒரு கேள்வி. பஸ், ரயில் எதுவும் இல்லாத காலத்துல இதே ரோட்டுல இருட்டிடுச்சுன்னா மனுஷன் எங்கே படுத்தான், என்னத்தைச் சாப்பிட்டான்?

இதுக்கு இந்த ஏரியாகிட்டயே ரொம்பப் பழைய பதில் ஒண்ணு இருக்கு. பத்துப்பாட்டுல வர்ற சிறுபாணாற்றுப்படை, 269 அடி. எழுதின நத்தத்தனார் இடைக்கழிநாட்டுக்காரர், அதாவது நம்ம மரக்காணத்துக்கு வடக்கே. பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவனோட கிடங்கில் இன்னிக்கு திண்டிவனத்துக்குள்ளயே இருக்கற கிடங்கல். வாசிச்சுப் பார்த்தா அசல் ட்ராவல் கைடு. எயிற்பட்டினம் (மரக்காணம்னு சொல்றாங்க) போனா பரதவர் வீட்டுல சுட்ட மீனும் கள்ளும். வேலூர்ல (வட ஆற்காடு வேலூர் இல்லைங்க, மரக்காணம் பக்கத்து உப்புவேலூர்னு கருதறாங்க) எயினர் வீட்டுல புளி போட்ட சுடுசோறும் காட்டுப்பசுக் கறியும். ஆமூர்ல உழவர் வீட்டுல குத்தின அரிசிச் சோறும் நண்டும். எந்த இடத்துலயும் காசுப் பேச்சே கிடையாது. விடுதியும் இல்ல, வீடுகள்தான்.

ஆனா ஒரு ரோட்டுல தினமும் நூத்துக்கணக்குல ஆள் நடக்க ஆரம்பிச்சா வீட்டுக்காரங்க எத்தனை பேருக்குத்தான் பொங்கிப் போடுவாங்க? காசியிலேர்ந்து ராமேஸ்வரம், ராமேஸ்வரத்துலேர்ந்து காசின்னு யாத்திரைக் கூட்டம் நடந்துகிட்டே இருந்தது. மாட்டு வண்டியோ நடையோ, ஒரு நாளைக்கு 20, 25 கிலோமீட்டர் தாண்டினா பெரிய விஷயம். சென்னையிலேர்ந்து திண்டிவனம் வர்றதுக்கே அஞ்சு நாள் ஆகும். அங்கேதான் சத்திரம் வருது.

சத்திரத்தோட எஞ்சினியரிங் ரொம்ப சிம்பிள். ஒரு ராஜாவோ, துபாஷியோ, செட்டியாரோ ரோட்டோரமா கல் மண்டபம் கட்டுவார். திண்ணை, கிணறு இல்லாட்டி குளம், மாடு கட்ட இடம், சமையக்கட்டு. பக்கத்துல கொஞ்சம் நிலத்தையோ ஒரு கிராமத்தையோ எழுதி வெச்சுடுவார். அந்த விளைச்சல்தான் அரிசி, விறகு, சமையக்காரர் சம்பளம் எல்லாம். வழியில நடுநடுவுல தண்ணிப் பந்தல், சுமைதாங்கிக் கல். (பிள்ளைத்தாச்சியா செத்துப்போன பொண்ணுங்க நினைவா வெச்ச கல்லுங்க அதெல்லாம். ரோடு அகலமாக்கறப்போ எத்தனையைப் பேத்து எறிஞ்சாங்களோ.)

விக்கிரவாண்டியில இடது கைப்பக்கம் கும்பகோணம், தஞ்சாவூர் ரோடு பிரியுது இல்லையா, அந்த ரோட்டோட அடுத்த முனையிலதான் இந்தக் கதையோட உச்சம். தஞ்சை மராட்டியர்கள் ராமேஸ்வரம் பாதை நெடுக சத்திரம் கட்டினாங்க. நீடாமங்கலத்துல யமுனாம்பாள் சத்திரம், ஒரத்தநாட்டுல முத்தம்பாள் சத்திரம்னு பெரும்பாலும் அரண்மனைப் பெண்கள் பேர்ல. 1799ல கம்பெனி நாட்டை எடுத்துக்கிட்டப்போ இரண்டாம் சரபோஜிக்கு பயம் வந்துடுச்சு. ராஜ்யம் போனா போகட்டும், சத்திரத்தை மட்டும் என்கிட்ட விட்டுடுங்கன்னு 1801ல தஞ்சாவூர் ரெசிடெண்டுக்கு ஒரு கடுதாசி எழுதறார். சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு அதுல விவரமா இருக்கு. எல்லா ஜாதிக்காரங்களுக்கும் சோறு. சமைச்சதைச் சாப்பிடாதவங்களுக்கு அரிசி, சாமான். நடுராத்திரி மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க இருந்தா வாங்கன்னு கூப்பிடணும். நோயில விழுந்தவனுக்கு வைத்தியரும் மருந்தும், குணமாகற வரைக்கும் அங்கேயே இருக்கலாம். வழியில பிரசவம் ஆனா அந்தப் பொண்ணைக் கவனிச்சுக்கணும். செத்துட்டா அவன் ஜாதி வழக்கப்படி அடக்கம். பள்ளிக்கூடம் வேற. சத்திரங்கள் அவர் கையிலயே இருந்தது.

ரொம்பப் புல்லரிக்க வேணாம். எல்லா ஜாதிக்கும் சோறுன்னா எல்லாரும் ஒரே பந்தியில இல்ல. பல ஊர்ல ஒரே ஒரு ஜாதிக்குன்னே சத்திரம் இருந்தது, சில பேருக்கு வாசலுக்கு வெளியில வெச்சுதான் கொடுத்தாங்க. சாப்பாடும் எல்லா இடத்துலயும் சரபோஜி கடுதாசி மாதிரி இல்ல. நாகப்பட்டினம் காத்தான் சத்திரத்துல சோறு லேட்டா வருதுன்னு காளமேகம் கிண்டலாப் பாடினது தெரிஞ்ச கதைதானே.

ஜப்பான்ல ஆன்சைட் இருந்தப்போ ஹகோனேல ஒரு ராத்திரி ரியோக்கான்ல, அதாவது வெந்நீர் ஊற்றோட இருக்கற பழைய பாணி விடுதியில தங்கினேன். பாய் விரிச்ச ரூம், குளிச்சுட்டுப் போட்டுக்க பருத்தி அங்கி. ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சதும் அவங்களே வந்து மெத்தை போட்டுட்டுப் போறாங்க. பில்லைப் பார்த்ததும் வெந்நீர் இல்லாமலே வேர்த்துடுச்சு :-) அங்கே படுத்துகிட்டு யோசிச்சதுதான் இந்த ஒப்பீடு. எடோவுக்கும் (இப்போ டோக்கியோ) கியோட்டோவுக்கும் நடுவுல டொகைடோ ரோடு, கிட்டத்தட்ட 490 கிலோமீட்டர். சென்னை - மதுரை தூரத்தை விடக் கொஞ்சம் கூட. 1601லேர்ந்து அதுல தங்கறதுக்கு ஊர் ஊரா ஏற்பாடு பண்ணி, மொத்தம் 53 நிலையம் வந்தது. ஹகோனே அதுல ஒண்ணு. பிரபுக்களுக்குத் தனி விடுதி, மத்தவங்களுக்குச் சாப்பாட்டோட விடுதி, ஏழைங்களுக்கு விறகுக்கு மட்டும் காசு வாங்கிக்கிட்டு நீயே பொங்கிக்கோன்னு விடற விடுதி. அங்கேயும் ஏத்தத்தாழ்வு இருந்தது, ஆனா எல்லாத்துக்கும் காசு. 1635லேர்ந்து பிரபுக்கள் பரிவாரத்தோட எடோவுக்குப் போய்ப் போய் வரணும்னு கட்டாயம் வேற, அதனால வியாபாரம் படுக்கவே இல்ல. நிஷியாமாவுல 705ல ஆரம்பிச்ச வெந்நீர் ஊற்று விடுதி இன்னும் ஓடுது, உலகத்துலயே பழைய ஹோட்டல்னு கின்னஸ்ல இருக்கு.

நம்ம சத்திரம் புண்ணியத்துக்காக நடந்தது. விருந்தாளி பைசா கொடுக்கல, அதனால அவன் வராம நின்னப்போ யாருக்கும் நஷ்டம் தெரியல. 1870கள் கடைசியில திண்டிவனம், விழுப்புரம் வழியா மீட்டர் கேஜ் ரயில் வந்தது. 1879ல விழுப்புரத்துலேர்ந்து பாண்டிச்சேரிக்குக் கிளை. அஞ்சு நாள் நடை சில மணி நேரம் ஆச்சு. திண்டிவனத்துல ராத்திரி ஆகறதே நின்னு போச்சு! நிலம் மட்டும் அப்படியே இருந்தது, பார்க்க ஆளில்லாம. கம்பெனி சர்க்கார் 1817லயே ஒரு ரெகுலேஷன் போட்டு கோயில், பாலம், சத்திர மானியங்களை ரெவின்யூ போர்டு மேற்பார்வைக்குக் கொண்டு வந்திருந்தது. பாலத்தோட சத்திரத்தையும் சேர்த்தது பாருங்க, அது ரோட்டோட ஒரு பாகம்னு புரிஞ்சிருக்கு. 1884 லோக்கல் போர்டு சட்டத்துக்கு அப்புறம் பல சத்திரம் போர்டுகள் கைக்கு வந்தது. அப்புறம் பள்ளிக்கூடம், ஆபீஸ், குடோன். வெள்ளைக்கார துரைகளுக்கு டிராவலர்ஸ் பங்களா தனியா, காசுக்கு.

பிழைச்ச சத்திரம் ரயிலுக்குப் பக்கத்துல இருந்ததுதான். சென்னை சென்ட்ரல் எதிர்ல ராமசாமி முதலியார் சத்திரம் 1880கள்ல ரயில் பயணிகளுக்காகவே கட்டினது. மதுரையில ராணி மங்கம்மாள் சத்திரத்துக்கு எதிர்ல ஸ்டேஷனே வந்து உட்கார்ந்துகிச்சு.

மத்ததெல்லாம் பேரோட சரி. ஒட்டன்சத்திரம் ஊராயிடுச்சு. திருச்சியில கண்டக்டர் "சத்திரம், சத்திரம்"னு கூவி ஆள் ஏத்தறார், ஏறினவங்க அங்கே இறங்கி அடுத்த பஸ் பிடிக்கறாங்க.