அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து, கூடைப்பந்து அணிகளின் சாதனை வரலாறு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் தம் பெயரில் களமிறக்கும் மாணவர் அணிகளுள் கால்பந்து அணிகளும் கூடைப்பந்து அணிகளுமே பொதுமக்களின் பெரும் ஈடுபாட்டைப் பெற்றவை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்து ஓர் ஆட்டத்தைப் பார்ப்பதே இதற்குப் போதிய சான்று. இங்குக் கால்பந்து எனப்படுவது, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்கோட்டைக் கடக்க முயலும் அமெரிக்கக் கால்பந்தாகும். இவ்விரு விளையாட்டுகளின் சாதனைகளை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. கூடைப்பந்தில், தோற்ற அணி உடனே வெளியேறும் நாக் அவுட் முறைப் போட்டித்தொடர் 1939 முதல் நடைபெறுவதால் வென்றவர் யார் என்பதில் ஐயமில்லை. கால்பந்தின் உயர்பிரிவிலோ பட்டம் நெடுங்காலம் வாக்கெடுப்பால் முடிவானதால், ஒரே ஆண்டின் பட்டத்துக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் உரிமை கோருவது இன்றும் உண்டு.

கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆட்டமாகக் கொள்ளப்படுவது, 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் அணி பிரின்ஸ்டன் அணியை 6–4 என்று வென்ற ஆட்டமாகும். அணிக்கு 25 பேர் ஆடிய அந்த ஆட்டத்தில் பந்தைக் கையில் எடுத்துச் செல்ல அனுமதியில்லை. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கேம்ப் 1880களில் முன்மொழிந்த விதிகள், அணிக்கு 11 பேர் என்ற வரம்பையும், குறிப்பிட்ட முயற்சிகளுக்குள் குறிப்பிட்ட தொலைவு முன்னேறத் தவறினால் பந்தை எதிரணியிடம் விட்டுவிட வேண்டும் என்ற முறையையும் கொண்டுவந்து, இன்றைய ஆட்டத்துக்கு அடித்தளமிட்டன. ஆனால் கூட்டமாக மோதி முன்னேறும் ஆட்டமுறையால் உயிரிழப்புகள் பெருகின. 1905ஆம் ஆண்டின் பருவத்தில் பள்ளி, கல்லூரி ஆட்டங்களில் ஏறத்தாழ 18 பேர் இறந்ததாகப் பதிவாயிற்று. குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசியதும், பந்தை முன்னோக்கி எறிவதற்கு 1906இல் இசைவு கிடைத்ததும், கல்லூரி விளையாட்டுகளை ஒழுங்குபடுத்தும் சங்கம் அதே ஆண்டில் உருவாகி 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்று பெயர் பெற்றதும் இந்த நெருக்கடியின் விளைவுகள்.

புதிய விதியின் பயனை நாடறியச் செய்தது நோட்டர் டேம் அணி. இந்தியானா மாநிலத்தின் இக்கத்தோலிக்கப் பல்கலைக்கழகம், 1913இல் வலிமை மிக்க ராணுவக் கல்லூரி அணியை, கஸ் டோரே எறிய நூட் ராக்னி பிடித்த நெடுந்தொலைவு எறிதல்களின் துணையுடன் 35–13 என்று வென்றது. பின்னர் ராக்னியே 1918 முதல் 1930 வரை அங்குப் பயிற்சியாளராக இருந்து 105 வெற்றிகள், 12 தோல்விகள், 5 சமநிலைகள் என்ற பதிவை விட்டுச்சென்றார். 1931இல் விமான விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 43. தொடர் வெற்றிகளில் ஓக்லஹோமாவின் பதிவு தனித்து நிற்கிறது. பட் வில்கின்சனின் பயிற்சியில் அந்த அணி 1953 முதல் 1957 வரை 47 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது. அத்தொடரை 7–0 என்று முறித்ததும் நோட்டர் டேம்தான்.

பட்டங்களின் எண்ணிக்கையில் முன்னிற்கும் அணிகளுள் ஒன்றான அலபாமாவின் வரலாற்றை இரு பயிற்சியாளர்களின் காலங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். பால் பிரையன்ட் 1958 முதல் 1982 வரை ஆறு தேசியப் பட்டங்களையும், நிக் சேபன் 2009 முதல் 2020 வரை மேலும் ஆறு பட்டங்களையும் ஈட்டித் தந்தனர். ஆயினும் பிரையன்டின் முதல் மூன்று பட்டங்களை (1961, 1964, 1965) வென்ற அணிகளில் கறுப்பின வீரர் ஒருவரும் இல்லை. 1970 செப்டம்பரில் பர்மிங்காமில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக அணி அலபாமாவை 42–21 என்று வென்றதும், கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாம் அந்த ஆட்டத்தில் 135 கெஜம் ஓடியதும் அலபாமாவின் கதவைத் திறந்தன என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில், உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின வீரரான வில்பர் ஜாக்சன் அதற்கு முன்பே அங்குச் சேர்ந்திருந்தார். முதலாண்டு மாணவர்கள் முதன்மை அணியில் ஆட அப்போது விதி இடம் தராததால் அவர் களமிறங்கவில்லை. எந்த அணியின் பட்டங்களை எண்ணும்போதும், அக்காலத்தில் ஆட அனுமதிக்கப்பட்டவர்கள் யார், மறுக்கப்பட்டவர்கள் யார் என்ற கேள்வியைச் சேர்த்தே எண்ண வேண்டும்.

கூடைப்பந்தின் தோற்றம் கல்லூரியோடு நேரடியாகப் பிணைந்தது. மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், 1891 டிசம்பரில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடுவதற்காக 13 விதிகளுடன் இதை வகுத்தார். உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்தில் அறையப்பட்ட இரண்டு பீச் பழக்கூடைகளே முதல் இலக்குகள். 1898இல் கான்சஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர் அங்கு 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றார். விளையாட்டை உருவாக்கியவரே கான்சஸின் பயிற்சியாளர்களுள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்த ஒரே பயிற்சியாளர். ஆனால் அவரிடம் பயின்ற ஃபாக் ஆலன் கான்சஸை வல்லரணாக்கினார். ஆலனிடம் ஆடிய அடால்ஃப் ரப் கென்டக்கி அணிக்கு நான்கு பட்டங்களும், டீன் ஸ்மித் வட கரோலினா அணிக்கு இரண்டு பட்டங்களும் ஈட்டினர். கான்சஸ், கென்டக்கி, வட கரோலினா என்ற மூன்று பேரணிகளும் இவ்வாறு ஒரே குரு மரபில் கிளைத்தவை.

ரப்பின் கென்டக்கி 1966 மார்ச் 19 அன்று கண்ட தோல்வி, அவருடைய வெற்றிகளைவிட அதிகம் பேசப்படுகிறது. மேரிலாந்தில் நடந்த அவ்வாண்டின் இறுதியாட்டத்தில், டான் ஹாஸ்கின்ஸ் பயிற்றுவித்த டெக்சஸ் வெஸ்டர்ன் கல்லூரி, தொடக்க ஐவரும் கறுப்பின வீரர்களாக இறங்கி, வெள்ளை இனத்தவர் மட்டுமே இருந்த கென்டக்கியை 72–65 என்று வென்றது. இறுதியாட்டம் ஒன்றில் ஐவரும் கறுப்பினத்தவராகத் தொடங்கியது அதுவே முதல் முறை. தென்மாநிலப் பல்கலைக்கழகங்கள் தம் நிறத்தடையைத் தளர்த்துவதை அது விரைவுபடுத்தியது.

ஆடவர் கூடைப்பந்தில் லாஸ் ஏஞ்சலிஸின் யு.சி.எல்.ஏ. அணி 1964 முதல் 1975 வரை பெற்ற பத்துப் பட்டங்கள், இரு விளையாட்டுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் இணையற்றவை. பயிற்சியாளர் ஜான் வுடன் 1948இல் அங்குச் சேர்ந்து, முதல் பட்டத்துக்கு 16 ஆண்டுகள் உழைத்தார். முறையான அரங்கமில்லாத அந்த ஆண்டுகளில் பயிற்சிக்கு முன் அவரே தரையைத் துடைத்ததுண்டு. ஒவ்வோர் ஆண்டும் முதல் பயிற்சி நாளில், காலுறையைச் சுருக்கமின்றி விரலிலிருந்து குதிகால்வரை நீவி அணிவதையும், காலணிக் கயிற்றைத் துளைதோறும் இறுக்கிக் கட்டுவதையும் செய்துகாட்டிக் கற்பிப்பார். சுருக்கம் கொப்புளத்தையும், கொப்புளம் ஓய்வையும் கொண்டுவரும் என்பது அவர் கணக்கு. 1964இல் 30 ஆட்டங்களிலும் தோல்வியின்றிப் பட்டம் வென்ற அணியின் தொடக்க ஐவருள் ஆறடி ஐந்து அங்குலத்தை மிஞ்சிய உயரமுடையவர் எவருமில்லை. எதிரணி பந்தை உள்ளே எறிந்த கணத்திலிருந்தே ஆடுகளம் முழுவதும் நெருக்கித் தடுக்கும் முறையால் அவர்கள் அக்குறையை ஈடுசெய்தனர். பின்னர் கரீம் அப்துல் ஜப்பார் என்று பெயர் மாற்றிக்கொண்ட லூ ஆல்சிண்டர் ஆடிய மூன்று பருவங்களில் யு.சி.எல்.ஏ. 88 ஆட்டங்களில் வென்று இரண்டில் மட்டுமே தோற்றது. 1973 இறுதியாட்டத்தில் பில் வால்டன் 22 முயற்சிகளில் 21ஐக் கூடையில் சேர்த்து 44 புள்ளிகள் எடுத்தார்.

அந்த அணியின் 88 தொடர் வெற்றிகள் 1974 ஜனவரி 19 அன்று நோட்டர் டேம் அரங்கில் முடிந்தன. மூன்றரை நிமிடங்கள் எஞ்சியிருக்கையில் 70–59 என்று முன்னணியில் இருந்த யு.சி.எல்.ஏ., அதன்பின் ஒரு புள்ளியும் எடுக்க இயலாமல் 71–70 என்று தோற்றது. வுடன் 1975இல் பத்தாவது பட்டத்துடன் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் டியூக் (ஐந்து பட்டங்கள்), கனெக்டிகட் (2024 வரை ஆறு) முதலிய அணிகள் எழுந்தபோதிலும், ஆடவர் பிரிவில் எந்த அணியும் தொடர்ந்து மூன்று பட்டங்களைக்கூட வென்றதில்லை. 1976இல் இந்தியானா 32 ஆட்டங்களையும் வென்றதே தோல்வியற்ற பட்டத்துக்குக் கடைசி எடுத்துக்காட்டு.

யு.சி.எல்.ஏ.யின் 88 தொடர் வெற்றிகள் என்ற சாதனையை முறியடித்தவர்கள் பெண்களே. கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்த 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் மகளிர் அணிகள் மெல்ல நிதியுதவி பெற்றன. டென்னசி அணியின் பயிற்சியாளராக 1974இல் தம் 22ஆம் வயதில் பொறுப்பேற்ற பாட் சம்மிட், வீராங்கனைகளின் சீருடைகளைத் தாமே துவைத்து, வண்டியையும் தாமே ஓட்டி, எட்டுப் பட்டங்களும் 1,098 வெற்றிகளும் எட்டினார். ஜீனோ ஆரியெம்மா பயிற்றுவிக்கும் கனெக்டிகட் மகளிர் அணி 2008க்கும் 2010க்கும் இடையே 90 தொடர் வெற்றிகளையும், 2014க்கும் 2017க்கும் இடையே 111 தொடர் வெற்றிகளையும் பெற்று, 2025 வரை 12 பட்டங்களை வென்றுள்ளது. மகளிர் அணிகளை ஆடவர் பட்டியலுக்குப் பின்னிணைப்பாக வைக்கும் வழக்கத்துக்கு இப்பதிவுகள் இடம் தரவில்லை.

இரு விளையாட்டுகளின் பட்டங்களையும் ஒரே கல்வியாண்டில் வென்ற முதல் பல்கலைக்கழகம் புளோரிடா. 2007 ஜனவரியில் கால்பந்தில் 41–14 என்றும், ஏப்ரலில் ஆடவர் கூடைப்பந்தில் 84–75 என்றும் அது வென்றது. இரு இறுதியாட்டங்களிலும் தோற்றது ஓஹையோ ஸ்டேட் அணியே. கால்பந்தில் பட்டத்தை ஆடுகளத்திலேயே முடிவு செய்யும் முறை படிப்படியாகவே வந்தது: 1998 பருவம் முதல் தரவரிசையின் முதலிரு அணிகள் மோதின, 2014இல் நான்கு அணித் தொடர் அமைந்தது, 2024இல் அது பன்னிரண்டாக விரிந்தது. ஆட்டக்காரர்களின் நிலையும் மாறியது. உதவித்தொகைக்கு மேல் ஊதியமின்றி ஆடிய மாணவர்கள், 2021 ஜூலை முதல் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்குத் தந்து பொருளீட்டலாம் என்றாயிற்று. நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே அவர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கத் தொடங்கியுள்ளன.