துண்டுக் கூலியும் முழுப் பாடமும்

1922-ல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குக் கிளம்பிப் போனார்கள். பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார். இருவரும் உறவுக்காரர்கள். அங்கே பூர்ண சந்திர ராய் என்பவரிடம் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு, அடுத்த வருஷம் ஊர் திரும்பினார்கள். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. வழக்கமாக இதை உழைப்பால் உயர்ந்தவர்களின் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இது இன்டர்ன்ஷிப்பின் கதையாகவும் தெரிகிறது. ஒரு வருஷத்துக்குள் முடிந்த பயிற்சி, ஒரு ஊரின் அடுத்த நூறு வருஷத்தைத் தீர்மானித்திருக்கிறது.

ஏன் கல்கத்தா? 1904-லேயே வங்காளத்தில் ஒரு சங்கம் தொடங்கி, மாணவர்களுக்குப் பணம் கொடுத்து ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் தொழில் கற்க அனுப்பினார்கள். அடுத்த வருஷமே சுதேசி இயக்கம் வந்தது. சோப்பு, பீங்கான், தீப்பெட்டி என்று உள்ளூர்ப் பட்டறைகள் முளைத்தன. ஏன் 1922? அந்த வருஷம்தான் பிரிட்டிஷ் அரசு, இறக்குமதியாகும் தீப்பெட்டிக்கு ஒரு குரோசுக்கு ஒன்றரை ரூபாய் வரி போட்டது. வெளிநாட்டுப் பெட்டியின் விலை ஏறியது. உள்ளூர்ப் பெட்டிக்கு இடம் கிடைத்தது. ஸ்வீடன் கம்பெனி அந்த இடத்தைப் பிடிக்க 1923-ல் விம்கோவைத் தொடங்கி, பம்பாய் பக்கம் ஆலை போட்டது. சிவகாசிக்காரர்களும் அதே வருஷம் களத்தில் இறங்கினார்கள்.

அவர்கள் கொண்டுவந்தது ஒரு வேலையை மட்டும் அல்ல. எந்த மரம், எந்த மருந்து, என்ன விகிதம், எப்படிக் காயவைப்பது, எப்படிப் பெட்டி கட்டுவது, யாரிடம் விற்பது என்று முழுத் தொழிலும் அவர்கள் கைக்கு வந்திருந்தது. முழுசாகத் தெரிந்ததால்தான் அதை ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றவும் முடிந்தது. இயந்திரத்தில் தொடங்கியவர்கள் கைவேலைக்கு மாறினார்கள். மழை குறைந்த கரிசல் பூமியின் வெயில், குச்சி காயவைக்கத் தோதாக இருந்தது. பின்னால் அணில், சேவல் என்று ஆளுக்கொரு முத்திரையோடு தனித்தனியாக வளர்ந்தார்கள். 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் வாங்கிப் பட்டாசு செய்யும் முறை ஏற்பட்டபோது, மருந்தோடு பழகிய கைகள் ஊரில் தயாராக இருந்தன. லேபிள் தேவைப்பட்டதால் அச்சகங்களும் வந்தன.

இதுவரை சொன்னது மேடையில் சொல்கிற பாதி.

மறுபாதி, அந்தத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்குள்ளே இருக்கிறது. (எங்கள் பக்கம் ஃபேக்டரியை ‘ஆபீஸ்’ என்றுதான் சொல்வோம்.) கல்கத்தாவில் முழுசாகக் கற்ற தொழில், உள்ளே துண்டு துண்டாக உடைக்கப்பட்டது. கட்டை அடுக்குபவர் அடுக்கிக்கொண்டே இருப்பார். பெட்டி ஒட்டுபவர் ஒட்டிக்கொண்டே இருப்பார். இத்தனை கட்டைக்கு, இத்தனை குரோசுக்கு இவ்வளவு என்று கூலி. இருபது வருஷம் கட்டை அடுக்கிய ஒரு அத்தைக்கு மருந்தின் விகிதம் தெரியாது. அது அவர் குறையில்லை. தெரியவேண்டிய அவசியமே வராதபடிதான் வேலை பிரிக்கப்பட்டிருந்தது.

அந்த வரிசையில் குழந்தைகளும் உட்கார்ந்திருந்தார்கள். விடியும் முன்னே பஸ் கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவரும். ‘சின்ன வயசுலேயே தொழில் கத்துக்குதுங்க, நல்லதுதானே’ என்று அதற்கு ஒரு நியாயமும் இருந்தது. கற்றல் என்ற சொல் இவ்வளவு மலிவாகப் புழங்கிய இடம் வேறு இருக்குமா தெரியவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1990-ல் உச்சநீதிமன்றம் சொன்னதைப் படித்தால் இன்று திடுக்கென்றிருக்கும். உற்பத்தி நடக்கும் இடத்தில் குழந்தைகள் கூடாது, ஆனால் தள்ளி இருந்து பொருளைப் பிரித்து அடுக்கலாம், பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது கொடுக்கவேண்டும் என்றது. 1996 டிசம்பரில்தான் நிலைப்பாடு கடுமையானது. ஆபத்தான தொழிலில் வைக்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்குச் சேரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

வேலைக்கும் பயிற்சிக்கும் நடுவே கோடு போடுவது சட்டத்துக்குப் புதிதில்லை. 1850-லேயே இந்தியாவில் ஒரு தொழில் பழகுநர் சட்டம் இருந்தது. அநாதைகளும் ஏழைப் பிள்ளைகளும் பத்து வயதுக்குமேல் ஒரு தொழிலில் ஏழு வருஷம்வரை கட்டுண்டு இருக்கலாம் என்றது அது. சுதந்திரத்துக்குப் பிறகு 1961-ல் புதுச் சட்டம் வந்தது. 1973-ல் என்ஜினியரிங் பட்டதாரிகளும் டிப்ளமோ படித்தவர்களும் அதற்குள் வந்தார்கள்.

அந்த 1961 சட்டத்தில் இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் படிக்கவேண்டும். ஒன்று, பழகுநர் என்பவர் தொழிலாளி அல்ல, பயிற்சி பெறுபவர். அதனால் பாதுகாப்பு, சுகாதாரம் போன்ற சிலதைத் தவிர, தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தாது. இரண்டு, அவருக்கு உதவித்தொகை கொடுத்தே ஆகவேண்டும். ஆனால் அதைத் துண்டுக் கூலியாகக் கணக்குப் பண்ணக் கூடாது. உற்பத்தியை எண்ணிப் போனஸும் கூடாது.

இரண்டும் சேர்ந்ததுதான் ஒப்பந்தம். நீ உன் உரிமைகளில் கொஞ்சத்தை விட்டுக்கொடு, பதிலுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கிறோம். எண்ணிக் கூலி கொடுக்க ஆரம்பித்தால் வேகமாகக் கட்டை அடுக்குவாயே தவிர, பக்கத்து மேஜையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கமாட்டாய். கற்றுக்கொடுப்பது நின்றுபோனால், விட்டுக்கொடுத்த உரிமை மட்டும்தான் மிச்சம்.

நான் படித்த காலத்தில் எங்களுக்கு இருந்தது ‘இன்பிளான்ட் ட்ரெய்னிங்’. ஒரு கம்பெனியில் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிக்கொண்டு, ஐந்து நாள் ஏசி ரூமில் ஸ்லைடு காட்டி, சர்டிபிகேட் கொடுத்தார்கள். மெஷினைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம். ஏ.ஐ.சி.டி.இ.யின் 2018 மாதிரிப் பாடத்திட்டம் இன்டர்ன்ஷிப்பைக் கட்டாயமாக்கியது. நோக்கம் நல்லது. ஆனால் கட்டாயம் என்று வந்தபின், காசு வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் கொடுக்கும் கடைகளுக்கும் நல்ல வியாபாரம்.

அரசுப் பணம் இல்லாமலும் இல்லை. பழகுநர் சட்டத்தின்கீழ் 2019-ல் பட்டதாரிகளுக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய் என்று விதித்தார்கள். 2024 பட்ஜெட்டில் அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம், தொடங்கியபோது மாதம் 5,000 ரூபாய் தந்தது. ஆனால் முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் அப்போது அதில் சேரமுடியவில்லை. மூன்றாம் வருஷ லீவில் இரண்டு மாதம் சும்மா இருக்கும் மாணவிக்கு இந்தக் கதவு திறக்கவில்லை.

அவள் என்ன செய்வாள்? சென்னையிலோ பெங்களூரிலோ சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கிடைத்தால் ஹாஸ்டல் வாடகைக்கு வீட்டில் பணம் வேண்டும். இல்லையென்றால் ஊரிலேயே காலண்டர் வேலைக்கோ பட்டாசுக் கடைக்கோ போகலாம். சம்பளம் கைக்கு வரும். ஒரு பக்கம் கூலியில்லாத பாடம், மறுபக்கம் பாடமில்லாத கூலி. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை முதலாவதை எடுத்துக்கொண்டு ரெஸ்யூமேவில் எழுதிக்கொள்கிறது. மற்றது உழைத்த இரண்டு மாதத்துக்கு ரெஸ்யூமேவில் வரியே கிடையாது.

சாப்ட்வேரில் மருந்து வாடை இல்லை, அவ்வளவுதான். கட்டை அடுக்குவது இங்கேயும் உண்டு. ஆயிரக்கணக்கான படங்களுக்குப் பெயர் ஒட்டுவது, ஒரே மாதிரி டெஸ்ட் கேஸை நகலெடுப்பது. எங்கள் டீமுக்கு மாணவர்கள் வந்தால் சின்னதாக, ஆனால் முழுசாக ஒன்றைக் கொடுக்கப் பார்க்கிறேன். யார் கேட்டார்கள், ஏன் கேட்டார்கள் என்பதில் தொடங்கி, அது ஓடும்போது எங்கே உடைகிறது என்பதுவரை அவர்களே பார்க்கவேண்டும். எட்டு வாரத்தில் அது முடிகிற காரியம்தான்.

முதல் நாள் தயங்கித் தயங்கி, ‘அண்ணா, ஸ்டைபண்ட் உண்டா?’ என்று கேட்பார்கள். தயங்கவே வேண்டாம், அது சட்டமே மதித்த கேள்வி. கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: இந்த இரண்டு மாதம் முடியும்போது, இதை என் ஊரில் நானே செய்யத் தெரிந்திருக்குமா? அதற்குப் பதில் சொல்லத் தடுமாறும் கம்பெனி உங்களைக் கட்டை அடுக்கத்தான் கூப்பிடுகிறது.