காற்றின் வேகமும் கடலின் ஏற்றமும்: வங்கக் கடலில் புயலெழுச்சி முன்கணிப்பு

வங்கக் கடலில் புயல் உருவானதும் செய்திகளில் முதலில் இடம்பெறுவது காற்றின் வேகம். அடுத்தது துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டின் எண். கூண்டு கப்பல்களுக்கானது என்றாலும் கரையோர மக்கள் அதையே ஆபத்தின் அளவாகக் கொள்கின்றனர். ஆனால் 1970இல் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலும், 1977இல் ஆந்திரத்தின் திவிசீமையிலும், 2008இல் மியான்மரின் ஐராவதிக் கழிமுகத்திலும் பெருந்திரளான உயிர்களைப் பறித்தது நிலத்தில் ஏறிய கடல்நீரே. புயலால் கடல்மட்டம் இவ்வாறு உயர்வதைப் புயலெழுச்சி என்கிறோம். இதற்கான எச்சரிக்கையைக் காற்றின் தரவரிசையிலிருந்து பிரித்து, தரைக்கு மேல் எவ்வளவு நீர் நிற்கும், அதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று ஊர்வாரியாகச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எழுச்சியின் இயக்கம்

காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய 1 செ.மீ. உயரும். கடும் புயலின் மையத்தில் அழுத்தம் 70 ஹெக்டோபாஸ்கல் குறைந்தாலும் அதன் பங்கு ஒரு மீட்டரை எட்டாது. எஞ்சிய உயர்வில் பெரும்பகுதி காற்று தள்ளிக் குவிக்கும் நீர். ஆழ்கடலில் அந்நீர் அடியில் திரும்பி ஓடிவிடுகிறது. ஆழம் குறைந்த கண்டத்திட்டில் அதற்கு வழியில்லை. எனவே ஒரே காற்றுக்கு நீர்மட்டச் சரிவு ஆழத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. திட்டு அகலமானால் அச்சரிவு நெடுந்தூரம் திரண்டு கரையில் உயரமாகிறது. புயலின் பரப்பு, நகரும் வேகம், கரையை வெட்டும் கோணம் ஆகியவையும் விளைவை மாற்றுகின்றன. வட அரைக்கோளத்தில் புயற்பாதையின் வலப்புறத்தில் காற்று கரைநோக்கி வீசுவதால், மேற்கே நகர்ந்து வரும் புயலின் எழுச்சி உச்சம் கரைகடக்கும் இடத்துக்கு வடக்கே விழுகிறது.

வேகம் காட்டாத வேறுபாடு

2013 அக்டோபர் 12 அன்று பைலின் புயல் மணிக்கு 200 கி.மீ.க்கும் மிகுந்த காற்றுடன் கோபால்பூர் அருகே கரைகடந்தது. அங்கே கண்டத்திட்டு ஒப்பளவில் குறுகியது. எழுச்சி 2 முதல் 2.5 மீட்டரளவில் நின்றது. 2021 மே 26 அன்று யாஸ் புயல் மணிக்கு 130 - 140 கி.மீ. காற்றுடன் பாலசோருக்குத் தெற்கே கரைகடந்தது. அப்பகுதியின் கடல் அகன்று ஆழம் குறைந்தது, அன்று முழுநிலவாதலால் ஓதமும் (கடல்மட்டத்தின் அன்றாட ஏற்றஇறக்கம்) மிகுந்திருந்தது. திகா கடற்கரை நகருக்குள் கடல் புகுந்தது. சுந்தரவனத்தில் கரைக்கட்டுகள் உடைந்து வயல்களில் உப்புநீர் தேங்கியது. இந்த இணையில் கடலடி அமைப்பு, ஓதம் என இரு காரணிகள் ஒருசேர மாறுவதால் ஒவ்வொன்றின் பங்கையும் இதைக்கொண்டு பிரித்தறிய இயலாது. ஆயினும் காற்றின் வேகத்தை எழுச்சிக்கு அளவுகோலாகக் கொள்ள முடியாதென்பதற்கு இதுவே போதிய சான்று.

அமெரிக்காவில் 2004இல் நான்காம் வகைப் புயலான சார்லி ஃப்ளோரிடாவில் 2 மீட்டரளவே எழுச்சி தந்தது. 2008இல் இரண்டாம் வகையான ஐக், பரந்த உருவத்தால் டெக்சஸ் கரையில் 4.5 மீட்டருக்கும் மேல் நீரை ஏற்றியது. 2010இல், புயல்களை இவ்வாறு வகைப்படுத்தும் சஃபிர் - சிம்ப்சன் அளவுகோலிலிருந்து எழுச்சி உயரங்களை நீக்கிய அமெரிக்கத் தேசியப் புயல் மையம், 2017இல் எழுச்சிக்கெனத் தனி எச்சரிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

நேரமும் இடமும்

ஹூக்ளி முகத்தில் சாகர் தீவருகே முழுநிலவு நாளில் உயர் ஓதத்துக்கும் தாழ் ஓதத்துக்கும் இடையே 5 மீட்டர் வரை வேறுபாடு உண்டு. சென்னையில் அது ஒரு மீட்டரை ஒட்டியே இருக்கும். ஆகவே கரைகடக்கும் நேரத்தில் சில மணிநேரப் பிழை ஹூக்ளியில் முன்கணிப்பையே புரட்டிவிடும். சென்னையில் அதன் விளைவு சிறிது. எழுச்சியையும் ஓதத்தையும் தனித்தனியே கணித்துக் கூட்டுவதும் போதாது. ஓதம் ஏறினால் ஆழம் கூடுகிறது, ஆழம் கூடினால் எழுச்சி மாறுகிறது. இரண்டையும் ஒரே கணினி மாதிரியில் சேர்த்து இயக்குவதே முறை. தமிழகத்தின் தென்பகுதியிலோ, 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்த பாக் நீரிணைச் சூழலில், ஓதத்தைவிடக் கடலின் ஆழமின்மையே முதன்மைக் கவலை.

பாதைப் பிழையும் இதே அளவுக்கு முக்கியம். உச்ச எழுச்சி குறுகிய கரைநீளத்தில் திரள்வதால், பாதை 50 கி.மீ. விலகினாலே அது அடுத்த மாவட்டத்துக்குப் போய்விடலாம். ஒரே பாதையை நம்பிக் கணித்த ஒற்றை உயரம் ஓரிடத்தில் வீண் அச்சத்தையும் மற்றோரிடத்தில் பொய்யான நிம்மதியையும் தரும். பாதை, வேகம், பரப்பு ஆகியவற்றைப் பிழை எல்லைக்குள் மாற்றிப் பல நூறு முறை மாதிரியை இயக்கி, பத்தில் ஒரு பங்கு வாய்ப்புடன் மிஞ்சப்படக்கூடிய நீருயரத்தைக் கணிப்பதே பயனுள்ளது.

நிகழ்தகவு மக்களைக் குழப்பும், தேவையற்ற வெளியேற்றம் நம்பிக்கையைக் கெடுக்கும் என்ற மறுப்பில் நியாயமுண்டு. ஆனால் நிகழ்தகவு மாவட்ட ஆட்சியரின் மேசைக்குரியது. ஊராருக்குச் சேர வேண்டியது நீர் இடுப்பளவா, கூரையளவா என்ற ஒரே செய்தி. வீண் வெளியேற்றத்தின் இழப்பும் வெளியேறாததன் இழப்பும் சமமல்ல. எத்தனை விழுக்காட்டு வாய்ப்பில் ஊரைக் காலிசெய்வது என்பதைப் புயல் வருமுன்பே முடிவு செய்துவிட்டால் குழப்பத்துக்கு இடமிராது.

கணினித் திறன் இதற்குத் தடையன்று. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் எழுச்சி மாதிரியை ஏற்கெனவே இயக்குகிறது. தடை தரவுகளில் இருக்கிறது. செயற்கைக்கோள் வழித் தரையுயர வரைபடங்களில் மீட்டர்க் கணக்கில் பிழையிருக்கும்போது, இடுப்பளவு நீரையும் கூரையளவு நீரையும் அவை வேறுபடுத்திக் காட்டா. எனவே கரையோரத் தரையையும் அண்மைக் கடலடியையும் நுட்பமாக அளப்பதும், ஒவ்வொரு புயலுக்குப் பின்னும் சுவர்களில் பதிந்த நீர்த்தடங்களை முன்கணிப்போடு ஊர்வாரியாக ஒப்பிட்டு வெளியிடுவதும் புதிய மாதிரிகளைவிட முன்னுரிமை பெற வேண்டும்.